தேயிலைப் பொட்டலத்து நாரை

ஒரு நாரையைத் திருத்துவதற்காகக் கப்பலேறிப் போனவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிழைப்புக்காகக் கடல் தாண்டுகிறவர்கள் உண்டு. கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தாண்டுகிறவர்கள் உண்டு. நான் போனது ஒரு பறவைக்காக. அதுவும் காகிதத்தில் நிற்கும் பறவை.

கொழும்பு புறக்கோட்டையில் எங்கள் முதலாளிக்குத் தேயிலைக் கடை. மலையிலிருந்து வரும் தூளைப் பொட்டலம் கட்டி விற்கிறோம். ஐம்பதுகளின் கடைசியில் ‘நாரை மார்க்’ என்று புதிதாக ஒரு தூள் போட முடிவானது. முதலாளி பிறந்த ஊர் சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற வழியில் ஒரு கிராமம். அந்த ஊர்க் கண்மாயில் மார்கழி மாதம் வந்து நிற்கும் மஞ்சள்மூக்கு நாரைதான் லேபிளில் இருக்க வேண்டும் என்றார். “அப்படியானால் சிவகாசியிலேயே அச்சடிக்கலாமே” என்று வாயைக் கொடுத்தவன் நான்.

அச்சகத்திலிருந்து மாதிரித் தாள் வந்தது. இடப்பக்கம் முதலாளியின் பெயர். வலப்பக்கம் நாரை, பெயரைப் பார்த்தபடி. பின்னால் நீலமாக ஒரு மலைத்தொடர். எனக்குப் பிடித்திருந்தது. முதலாளி அதைக் கையில் பிடித்து, தள்ளிப் பிடித்து, மூக்கருகே கொண்டு போய்ப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார்.

“ஏலே, இது எங்க ஊரு நாரை இல்ல.”

“என்ன குறை முதலாளி?”

“அது தெரிஞ்சா சொல்லிப்புட மாட்டேனா? என்னமோ சரியில்ல. நீயே போ. கண்ணால பாத்துச் சரி பண்ணிக் கொண்டா. ஆனா ஒண்ணு, பேரு முன்னால வரணும், பறவை என் பேரைப் பாத்து நிக்கணும். அதுல மாத்தம் கிடையாது. இந்தத் தடவையும் கோணலா வந்துச்சுன்னா, இங்க கோட்டை அச்சாபீசுல அன்னப்பட்சி லேபிள் ரெடியா இருக்காம். அதைப் போட்டுட்டுப் போறேன்.”

அன்னப்பட்சி வந்துவிட்டால் அப்புறம் நான் அந்தக் கடையில் எந்த யோசனையும் சொல்ல முடியாது. பெட்டியில் இரண்டு வேட்டியும் ஒரு குடையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கொழும்புக்காரனுக்குக் குடை இன்னொரு கை மாதிரி.

விருதுநகரில் பஸ் ஏறியபோதே எனக்குச் சந்தோஷம் ஆரம்பித்துவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மீதியை எல்லாம் அடுத்தவர் பேச்சிலிருந்து படித்துக்கொண்டவன். நல்ல பேச்சு காதில் விழுந்தால் சட்டைப் பையில் இருக்கும் நோட்டில் குறித்துக்கொள்வேன். அன்று முதலில் குறித்தது கண்டக்டர் சொன்னதை: “ஏறுறவுக ஏறிக்கிடுங்க. இறங்குறவுக மனசுல நினைச்சுக்கிடுங்க, நான் நிறுத்துதேன்.” நான் மனசில் நினைத்துக்கொண்டே இருந்தேன். பஸ் சிவகாசியைத் தாண்டி அரை மைல் போய்த்தான் நின்றது. “சத்தமா நினைக்கணும் அண்ணாச்சி” என்றார் அவர்.

திரும்பி நடந்ததில் நஷ்டமில்லை. ஊருக்குள் நுழைகிற வழியெல்லாம் அச்சகங்கள். உள்ளே கயிறு கட்டிப் படங்களை ஈரம் காய வைத்திருந்தார்கள்: ஒரு கொடியில் நாற்பது முருகன், அடுத்த கொடியில் நாற்பது லட்சுமி, அதற்கடுத்து நாற்பது குழந்தை இயேசு. காற்று வரும்போது எல்லாரும் ஒன்றாகத் தலையசைத்தார்கள். தெருவில் நடக்கிற ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு நிறம் ஒட்டியிருந்தது. சும்மா நிற்கிற ஒரு ஆளை நான் அந்த ஊரில் பார்க்கவில்லை. கொழும்பில் சும்மா நிற்பதற்கென்றே தெருமுனைகள் உண்டு.

பீடி பற்றவைக்கத் தீப்பெட்டி தேடினேன். உலகத்துக்கே தீப்பெட்டி செய்கிற ஊரில் மூன்று பேரைக் கேட்டேன், மூவரிடமும் இல்லை. மூன்றாவது ஆள் சிரித்தார். “நாள் பூரா அதோடதான் கிடக்கோம். மடியிலயும் அதையே கட்டிக்கிட்டு அலையணுமாக்கும்?” பாதிப் பேர் வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்று அங்கே சொல்கிற தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், மடியில் குச்சி வைத்திருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களாம். பீடியைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

அச்சகத்து மேனேஜர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டார், கருப்பட்டிக் காப்பி வரவழைத்தார், அப்புறம் கழுத்தில் கத்தி வைத்தார். “இன்னைக்குப் புதன். சனிக்கிழமை ஒரு நாள்தான் மிஷின் சும்மா கிடக்கு. திங்கக்கிழமை காலண்டர் லோடு ஏறிருச்சுன்னா பொங்கல் வரைக்கும் உங்க நாரை ஒத்தைக்கால்லதான் நிக்கணும்.”

லேபிளை வரைந்த ஓவியரைக் கூப்பிட்டார். பெயர் சாகுல். ஐம்பது வயது, சட்டைப் பையில் மூன்று தூரிகை, காதில் ஒன்று. காலையில் தொழுதுவிட்டு வந்து நாள் முழுவதும் முருகனின் மயிலுக்குக் கண் திறந்துகொண்டிருக்கிறவர். எல்லாரும் ‘பாய்’ என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மாதிரித் தாளை நீட்டினேன்.

“இதுல என்ன குத்தம் கண்டாக?”

“குற்றம் என்னவென்று அவருக்கே தெரியவில்லை பாய்.”

“வைத்தியனை ஏமாத்துற நோயாளி மாதிரில்ல இருக்கு” என்றார். “சரி, நாளைக்குக் கண்மாய்க்குப் போவோம். குத்தம் அங்கனதான் இருக்கும்.”

வியாழக்கிழமை காலை பஸ் ஏறினோம். பாதி வழியில் வண்டி ஆவி கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் வாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடிப் போனார். சாலையோரத்தில் ஒரு அம்மாள் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். பஸ் நின்றதும் அவர் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்தால், வண்டி தினமும் அங்கேதான் நிற்கும் போலிருக்கிறது. பிஞ்சை நாலாகக் கீறி மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். சாத்தூர் வெள்ளரி. இலங்கையில் எத்தனையோ பழம் தின்றிருக்கிறேன். இந்தக் கரிசல் காட்டில் இவ்வளவு தண்ணீரை ஒரு பிஞ்சு எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

தின்றுகொண்டே மீதி வழியை நடந்தோம். இரண்டு பக்கமும் பருத்தி, நடுநடுவே தனித்தனியாகச் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்கள். வெடி ஆபீஸ். கண்மாய்க் கரை வந்தது. ஏறினேன்.

என்ன சொல்ல! நான் பார்த்த தண்ணீரெல்லாம் கடல் தண்ணீர், மழைத் தண்ணீர், எங்கள் ஊர் வாவித் தண்ணீர். இப்படி உயிர்கள் நெருக்கியடிக்கிற தண்ணீரை நான் பார்த்ததில்லை. நாங்கள் நின்றது கிழக்குக் கரை. எதிரே மேற்கில் தண்ணீருக்கு அப்பால் மலைத்தொடர் நீலமாகக் கிடந்தது, லேபிளில் இருந்த அதே மலை. தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கிளை தெரியவில்லை. நீர்க்காகமும் நாரையும்தான் தெரிந்தன. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக நீந்தின. கரண்டிவாயன்கள் சேற்றைத் துழாவின. ஓரத்தில் நாலு கூழைக்கடா, கல்யாண வீட்டுப் பெரியவர்கள் மாதிரி வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு. அப்புறம் மஞ்சள்மூக்கு நாரைகள். வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்புப் பட்டை, வால் பக்கம் ரோஜா நிறம். யாரோ குங்குமக் கையைத் துடைத்துவிட்டுப் போன மாதிரி.

நான் வாயைப் பிளந்து நிற்க, சாகுல் பாய் என்ன செய்தார் தெரியுமா? கண்மாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பையிலிருந்து சவரக் கண்ணாடி ஒன்றை எடுத்து எதிரே இருந்த மரத்தில் மாட்டினார். தலை சீவப் போகிறார் என்று நினைத்தேன். மடியில் அட்டையை வைத்து வரைய ஆரம்பித்தார்.

“பாய், நாரை இந்தப் பக்கம் நிற்கிறது.”

“தெரியுது அண்ணாச்சி. கண்ணாடியில நிக்குதுல்ல.”

அப்புறம் விளக்கினார். அச்சடிக்கிற கல்லில் எதை வரைந்தாலும் தாளில் இடம் வலமாகத்தான் விழும், ரப்பர் முத்திரை மாதிரி. அதனால் கல்லில் எல்லாவற்றையும் மாற்றி வரைய வேண்டும். கண்ணாடியில் தெரிவதை அப்படியே வரைந்தால் அது ஏற்கனவே மாறியிருக்கும். தாளில் விழும்போது நேராகிவிடும். “இருவத்தஞ்சு வருசமா இப்படித்தான். மலை, கோயில், மாடு, எல்லாத்தையும் முதுகாலதான் பாத்திருக்கேன். என் பொண்டாட்டி மூஞ்சியை மட்டும் நேராப் பாத்திருக்கேன். அதுவும், அவ கோவமா இருக்கயில முதுகைக் காட்ட விட மாட்டாங்கிறதால.”

அதை நோட்டில் குறிக்கும்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். வெயில் கண்ணில் அடித்தது. குடையை விரித்தேன்.

கண்மாய் முழுவதும் எழுந்தது. ஆயிரம் ஜமக்காளத்தை ஒன்றாக உதறிய மாதிரி ஒரு சத்தம். தலைக்கு மேல் கறுப்பும் வெள்ளையும் ரோஜாவும் சுற்றிச் சுற்றி, மலைப் பக்கம் போய் மறைந்தன. பாயின் கண்ணாடியில் வெறும் தண்ணீர்தான் மிச்சம்.

“முதலாளி நாரையைத் திருத்தச் சொன்னாரா, துரத்தச் சொன்னாரா?”

அந்த நேரம் பார்த்துத் தூரத்து ஆபீசில் ஏதோ வெடியைச் சோதித்தார்கள். ‘டமார்’ என்று கேட்டது. மிச்சமிருந்த இரண்டு கூழைக்கடாக்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இதற்குப் பயப்படவில்லையே பாய்!”

“வெடிச் சத்தம் தினம் கேக்குது. கொழும்புக் குடையை இன்னைக்குத்தான பாக்குது” என்று கண்ணாடியைக் கழற்றினார்.

ஒரு நாள் போயிற்று. ராத்திரி எண்ணெய் புரோட்டா நாலு தின்றும் எனக்குத் தெம்பு வரவில்லை. அன்னப்பட்சி கழுத்தை வளைத்துக்கொண்டு கனவில் வந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ். “ஜும்மா தொழுகைக்குள்ள ஊரு திரும்பணும் அண்ணாச்சி, அம்புட்டு நேரந்தான்” என்று சொல்லியே ஏறினார் பாய். குடையை விடுதியில் பூட்டி வைத்துவிட்டு வந்தேன். கரையில் மார்கழி வாடைக் காற்று வெட்டியது. நான் கொழும்புக்காரன், பல் தந்தியடித்தது. நாரைகள் நேற்று ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நின்றன. பாய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நேராக உட்கார்ந்தேன்.

கரைக்குக் கீழே வயலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் மண்வெட்டியோடு ஏறி வந்தார். அறுபது வயது இருக்கும். முண்டாசு, அதட்டும் குரல். “யாரு நீக? மீன் குத்தகை கேக்க வந்தீகளா?”

கொழும்பு, தேயிலைக் கடை, முதலாளி பெயர் எல்லாம் சொன்னேன். மண்வெட்டியைக் கீழே போட்டார். “அடப் பாவி, எங்க சின்னையா மவன்ல அது! உசுரோடதான் இருக்கானா? முப்பது வருசமா ஒரு கடுதாசி உண்டா? குண்டாயிட்டானா?”

“நல்ல குண்டு.”

“இருக்கட்டும். சாப்பிட்டீகளா?” பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தூக்குவாளியிலிருந்து கம்மங்கஞ்சி ஊற்றி, மோர்மிளகாய் இரண்டு வைத்தார். சீனியம்மாள் என்று பெயர். குளிருக்கு அந்தக் கஞ்சி எப்படி இறங்கியது என்று எழுத எனக்குப் படிப்புப் போதாது. பாய்க்கும் ஊற்றிவிட்டு, “இவரு ஏன் கோவிச்சுக்கிட்டு அங்கிட்டுப் பாத்து உக்காந்திருக்காரு?” என்றார்.

கஞ்சி குடித்துக்கொண்டே மாதிரித் தாளை அவரிடம் காட்டினேன். சேற்றுக் கையை முந்தானையில் துடைத்து வாங்கினார். பார்த்தார். சிரித்தார்.

“இது ஆடி மாசத்து நாரையால்ல இருக்கு!”

பாயின் தூரிகை நின்றது. “என்னம்மா சொல்லுதீக?”

“இந்தா, மலை தெரியுதுல்ல? மலை மேக்க. அப்ப பாக்கிறவன் இந்தக் கரையில நிக்கான். உங்க நாரை இடது நொட்டாங்கைப் பக்கமா, தெக்க பாத்து நிக்கி. நாரை எப்பவும் காத்து வாற தெசைக்குத்தான மூஞ்சியக் காட்டும்? திரும்பி நின்னா ரெக்கைக்குள்ள காத்துப் பூந்து குப்புறக் கவுத்திரும். மார்கழியில காத்து வடக்க இருந்து வருது, அம்புட்டும் வடக்க பாத்து நிக்கி. தெக்க பாத்து நிக்கணும்னா ஆடிக் காத்து அடிக்கணும். ஆடியில இந்தக் கண்மாயில ஏது தண்ணி? வெடிச்ச களிமண்ணுல நின்னுக்கிட்டு என்னத்தத் திங்கும், தேயிலையா?”

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. நாரை, நாமக்கோழி, கூழைக்கடா, அத்தனையும் ஒரே பக்கம், என் வலக்கைப் பக்கம், வடக்கே பார்த்து நின்றன. ஊர்வலத்தில் சாமியைப் பார்க்கிற கூட்டம் மாதிரி.

“பாய், எல்லாம் வலப்பக்கம் பார்க்கின்றன!”

அவர் கண்ணாடியைப் பார்த்தார். “இடப்பக்கம்ல பாக்குது.”

“வலப்பக்கம்!”

“எனக்கு நொட்டாங்கைப் பக்கம்!”

சீனியம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே கண்மாய்க்கு ரெண்டு வக்கீலு! அய்யா, கொஞ்சம் திரும்பித்தான் பாருமேன். கழுத்து சுளுக்கிரும்னு பயமா?”

சாகுல் பாய் தூரிகையைக் காதில் செருகினார். அட்டையைக் கீழே வைத்தார். மெதுவாக எழுந்து, கண்மாயின் பக்கம் திரும்பினார்.

ஒரு கையை நெற்றிக்குக் கொடுத்துப் பார்த்தார். “கண்ணாடி சிறுசு அண்ணாச்சி” என்றார். “அதுல பத்து நாரைதான் கொள்ளும்.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து உள்ளதைச் சொன்னார். அவர் முதலில் வரைந்த படத்தில் நாரை சரியாகத்தான் வடக்கே பார்த்து நின்றிருக்கிறது. ஆனால் கொழும்புக் கடிதத்தில், பறவை இடப்பக்கம் இருக்கும் பெயரைப் பார்க்க வேண்டும் என்று இருந்ததே! அதற்காக நாரையை மட்டும் மெல்லிய தாளில் எடுத்து, திருப்பிப் போட்டுவிட்டார். “ஆர்டருக்கு முன்னால காத்தாவது மழையாவது?”

ஆக, முதலாளி காரணம் தெரியாமல் தள்ளியது தம் ஆர்டரைத்தான். ஊரை விட்டுப் போகும்வரை இந்தக் கரையில் நின்று பார்த்தவர். மார்கழியில் தெற்கே பார்த்த நாரையை அவர் கண் கண்டதே இல்லை. புத்திக்குத் தெரியாததைக் கண் சொல்லியிருக்கிறது.

ஆனால் எனக்கு இடி இனிமேல்தான். நாரை வலப்பக்கம் பார்க்க வேண்டும். நாரை பெயரையும் பார்க்க வேண்டும். அப்படியானால் நாரை இடப்பக்கம் முன்னால் வர வேண்டும், பெயர் அதற்கு அடுத்து வலப்பக்கம் போக வேண்டும். ‘பேரு முன்னால வரணும், மாத்தம் கிடையாது.’ கேட்டு எழுதிப் பதில் வருவதற்குள் மிஷினில் காலண்டர் ஏறிவிடும். கேட்காமல் மாற்றினால், முப்பது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்த ஒரு பெயரை ஒரு நாரைக்குப் பின்னால் தள்ளியவன் நான்.

சீனியம்மாளிடம் சொன்னேன். அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். வயலில் தண்ணீர் நிறைந்துகொண்டிருந்தது.

“பேரு சொன்ன இடத்துல நிக்கும்யா, அதுக்குக் காத்தா அடிக்கப் போகுது? நாரை நிக்குமா?” என்றபடி இறங்கினார். பாதியில் திரும்பி, “அவங்கிட்ட நான் கேட்டேன்னு சொல்லுங்க. திட்டினேன்னும் சொல்லுங்க” என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, வரையவா?”

“வரையுங்கள்” என்றேன்.

மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். இந்தத் தடவை நாலு கோடு போடுவதும், எழுந்து திரும்பிப் பார்ப்பதும், மறுபடி உட்காருவதுமாக இருந்தார். ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். கடைசியில் பஸ்ஸுக்கு ஓடினோம். அன்றைக்கு வண்டி வழியில் நிற்கவில்லை. வெள்ளரிக்கார அம்மாள் எங்களை ஏமாற்றத்தோடு பார்த்தார்.

தொழுகை முடிந்து வந்தவர் சாயங்காலம் வரை கல்லின் மேல் குனிந்தே இருந்தார். சனிக்கிழமை மிஷின் ஓடியது. ஒவ்வொரு நிறமாக ஏறியது: மஞ்சள், சிவப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. முதல் தாளை மேனேஜர் உருவி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நாரை முன்னால் நின்றது. இறக்கையோரத்து இறகுகளைக் காற்று பின்னால் படிய வைத்திருந்தது. தண்ணீரில் சின்னச் சின்ன மடிப்பு. அது பார்க்கிற பக்கம் முதலாளியின் பெயர். மிஷின்காரர் மசிக் கையோடு எட்டிப் பார்த்து, “எம்புட்டுக் காத்துய்யா!” என்றார். நோட்டில் குறித்தேன். பாயின் கண்ணாடியை ஞாபகார்த்தமாகக் கேட்டேன். கொடுக்கவில்லை. “நாளைக்கு லட்சுமிக்கு யானை வரையணும்” என்றார்.

கொழும்பில் இறங்கியபோது புழுக்கம். கடையில் மின்விசிறி கெட்டுப்போயிருந்தது. முதலாளி பனியனோடு உட்கார்ந்து தோள் துண்டால் விசிறிக்கொண்டிருந்தார். தாளை மேசையில் வைத்தேன். பெயர் பின்னால் போன கதையை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன்.

விசிறிய கை நின்றது. தாளைத் தள்ளிப் பிடிக்கவில்லை, மூக்கருகே கொண்டு போகவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர் எங்கே என்று கேட்கவும் இல்லை.

“சீனியம்மாள் கேட்டாங்க” என்றேன். “திட்டினாங்க.”

அவர் தோள் துண்டை எடுத்து விரித்து, காதோடு சேர்த்து உடம்பைச் சுற்றி இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“ஏலே, அந்தச் சன்னலைச் சாத்து.”

வெளியே ஒரு இலைகூட அசையவில்லை. நான் போய்ச் சாத்தினேன்.